‘வ்ரஜ’ என்னும் சொல்லும் பாதயாத்திரையும்

சரமச்லோகத்தில் எம்பெருமான் அர்ஜுனனுக்கு விதிக்கும் வினை ‘வ்ரஜ’ என்பது. இத்தாதுவுக்கு நேர்ப்பொருள் செல்லுதல். தேர்த்தட்டில் இருப்பவனைப் பார்த்து, கண்ணெதிரே நிற்கும் ஸாரதி ‘என்னைச் சரணமாக அடையச் செல்’ என்றால், அவன் எங்கே செல்வது? பிள்ளைலோகாசார்யர் முமுக்ஷுப்படியில் இச்சொல்லுக்குப் புத்திபண்ணுதல், அதாவது துணிந்திருத்தல், என்றே பொருள் அருளிச்செய்தார். செல்லுதலைக் குறிக்கும் தாதுக்கள் அறிதலையும் குறிக்கும் என்பது வையாகரணர் கொண்ட நியாயம். ப்ரபத்தி என்ற சொல்லுக்கு மூலமான ‘பத்’ தாதுவும் செல்லுதற்பொருளதே. ஆயினும் ப்ரபந்நனின் செலவு காலின் தொழிலன்று, நெஞ்சின் துணிவு.

இந்நிர்வாஹம் ஏட்டளவில் நிற்பதன்று. ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர்ப் பகுதிகளிலிருந்து திருமலைக்குக் கால்நடையாகச் செல்லும் அடியார் பலர். துறைமுக வேலையில் முழங்கால் தேய்ந்தவரும் மூப்படைந்தவரும் அடியேனிடம் கேட்பதுண்டு: “முன்பெல்லாம் நடந்து போனேன், இப்போது பேருந்தில் போகிறேன். என் யாத்திரை தாழ்ந்துவிட்டதா?” கேட்கும்போது கண் கலங்குவாரும் உளர். இதற்கு விடை வ்யாக்யானத்தில்தான் தேடவேண்டும்.

இவ்வழி பழைய வழி. சென்னைச் சுப்ரீம் கோர்ட்டில் மொழிபெயர்ப்பு அதிகாரியாயிருந்த ஏனுகுல வீராஸ்வாமி 1830ஆம் ஆண்டு மே 18ஆம் நாள், இளவேனில் முடியுமுன், காசியாத்திரைக்குப் புறப்பட்டார். தண்டையார்பேட்டை, மாதவரம் வழியாக முதலில் திருமலைக்குச் சென்று, பின்னர் வடக்கே பயணித்து, 1831 செப்டம்பரில் சென்னை மீண்டார். அவர் தெலுங்கில் எழுதிய காசீயாத்ரா சரித்திரம் 1838இல் அச்சேறியது. ராயபுரத்திலிருந்து முதல் ரயில் ஓடியது 1856இல். அதற்கு முற்பட்ட காலம் இது. வீராஸ்வாமி சென்றது பல்லக்கில். பல்லக்கைச் சுமந்தவர்களோ அவ்வளவு தூரத்தையும் நடந்தார்கள். நடையே உபாயமாகில், பலன் சுமந்தவர்க்கேயன்றி ஏறிச்சென்றவர்க்கு இல்லை என்று முடியும். அங்ஙனம் எவரும் கொள்ளார். பெருமாளை எழுந்தருளப்பண்ணும் ஸ்ரீபாதம்தாங்கிகளும் உத்ஸவந்தோறும் வீதிவீதியாக நடக்கிறார்கள். அந்நடையை நாம் கைங்கர்யம் என்கிறோம், மோக்ஷஸாதநம் என்பதில்லை.

இன்று அவ்வழியில் சித்திரை மாதத்து முதல்நாள் நடை எப்படியிருக்கும்? விடியுமுன் கடலை முதுகில் கொண்டு புறப்படவேண்டும். துறைமுகத்தை நோக்கி வரிசையாய் நிற்கும் கண்டெய்னர் லாரிகளின் ஓரமாக ஒற்றை வரிசையில் செல்வார்கள். வடக்கே மணலியில் சுத்திகரிப்பு ஆலையின் புகைபோக்கிகள் தெரியும். மாதவரம் பத்துக் கிலோமீட்டருக்குள். அதைக் கடந்தால் செங்குன்றம், புழல் ஏரி. முற்பகலிலேயே தார்ச்சாலை காலைச் சுடும். உச்சிப்பொழுதில் நிழல் கண்ட இடத்தில் தங்கி, வெயில் தாழ்ந்தபின் மீண்டும் நடப்பார்கள். இடையிடையே யாரோ பந்தலிட்டு நீர்மோரும் பானகமும் தருவார். இன்னார் இனியார் என்று கேட்பதில்லை. இதே வேனிலில்தான் திருமலையில் சித்திரைப் பௌர்ணமியோடு முடிய மூன்று நாள் வஸந்தோத்ஸவம் நடக்கிறது. எம்பெருமானுக்கு வெயிலின் தாபம் தீரத் திருமஞ்சனம் செய்வதும், அவனடியார்க்கு மோர் வார்ப்பதும் ஒரே கைங்கர்யத்தின் இரு கிளைகள்.

அந்நாள் முழுவதையும் எண்ணிப்பார்த்தால், நடப்பவன் தன் முயற்சியென்று சொல்லத்தக்கது சிறிதே. நிழல், நீர், வழிகாட்டும் சொல், ஒதுங்கி வழிவிட்ட ஓட்டுநர் என யாவும் வெளியிலிருந்து வந்தவை. நம்மாழ்வார் திருவாய்மொழியின் பத்தாம்பத்தைத் திருமோகூரில் தொடங்குவதன் கருத்தும் இதுவே. பரமபதத்துக்குப் புறப்படத் துணிந்தவர், வழிக்குத் துணையாகக் காளமேகப் பெருமாளைப் பற்றுகிறார் என்று நம் வ்யாக்யாதாக்கள் இப்பதிகத்துக்கு அவதாரிகை இடுவர். அப்பெருமாளுக்கு ஆப்தன் என்றும் வழித்துணைப் பெருமாள் என்றும் திருநாமம் வழங்குகிறது. அப்பத்திலேயே ஒன்பதாம் திருவாய்மொழி அர்ச்சிராதி மார்க்கத்தில் வழிநெடுக நடக்கும் உபசாரத்தைப் பேசுகிறது. வழித்துணை முதலில், வழி பின்னர் என்னும் இம்முறை கருதத்தக்கது.

நடையே உபாயமன்று என்பதற்குத் திருமலையிலேயே சான்றுண்டு. எம்பெருமானாருக்கு அம்மானும் ஆசார்யருமான திருமலைநம்பி நாள்தோறும் பாபவிநாசம் சென்று திருமஞ்சனத்துக்குத் தீர்த்தம் சுமந்து வந்தார். ஒருநாள் எம்பெருமான் வேடனாய் வந்து, ‘தாத’ என்றழைத்து, குடத்து நீரைப் பருகி, அண்மையில் ஆகாசகங்கையைக் காட்டியருளினான் என்பது ஐதிஹ்யம். இதனை நினைந்து இன்றும் அங்கே தண்ணீரமுது உத்ஸவம் நடக்கிறது. நம்பிக்கு நடையின் நீளமே உபாயமாகில், வழியைக் குறுக்கியது அவருக்குப் பேரிழவு செய்ததாக முடியும். அதை அருளென்றே நம் பெரியோர் கொண்டாடினர். குடத்துத் தீர்த்தம் திருமேனியில் சேர்ந்ததே அவருக்கு வேண்டுவது. கடந்த தூரம் அன்று.

‘ஆகில் நடக்கவே வேண்டாவோ?’ என்னில், வேண்டும். எம்பெருமானே ஸித்தோபாயம் என்பதில் இரு கலையாரும் உடன்படுவர். உபாயபுத்தியை விட்டபின் நடை கழிவதில்லை, கைங்கர்யமாக நிலைக்கிறது. அலிபிரியில் சுமார் 3,550 படிகளையும் ஏற வல்லவர் ஏறட்டும். எத்தனை ஏறினோம் என்று கைப்பேசியில் கணக்கிட்டு அதனால் செருக்கு எய்தவேண்டா. ஏற மாட்டாதவர் பேருந்தில் செல்லட்டும். அதற்கும் ஆகாதவர் தம் தெருவோரம் ஒரு குடம் மோர் வைக்கட்டும். அவ்வழியே நடப்பவர்க்கு அன்று வழித்துணைப் பெருமாளின் கையாயிருப்பவர் அவரே. இருந்த இடத்திலேயே துணிந்தவனையும் ‘வ்ரஜ’ என்ற சொல் உட்கொண்டதாதலால், முழங்கால் தேய்ந்த அடியாரின் யாத்திரைக்கு ஒரு குறையும் இல்லை என்க.