கந்தக பூமியின் வகுப்பறைக் காற்று

1996 டிசம்பர் 10ஆம் நாள், எம்.சி. மேத்தா எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பளித்தது. சிவகாசி வட்டாரத் தீப்பெட்டி, பட்டாசு ஆலைகளில் உழைத்த குழந்தைகளைப் பற்றிய வழக்கு அது. குழந்தையை வேலைக்கு அமர்த்திய முதலாளி ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் வீதம் நல நிதிக்குச் செலுத்த வேண்டும் என்றும், அக்குழந்தையின் கல்விக்கு அரசு பொறுப்பேற்க வேண்டும் என்றும் தீர்ப்பு கூறியது. குழந்தை உரிமைப் போராட்டத்தில் அது ஒரு மைல்கல் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அத்தீர்ப்பிலும் அதன் பின் வந்த திட்டங்களிலும் சொல்லப்படாத ஓர் அனுமானம் உண்டு: ஆலை நஞ்சு, பள்ளி தூய்மை. வெடி விபத்தைப் பொறுத்தவரை அது சரிதான். மூச்சுக்காற்றைப் பொறுத்தவரை அந்த அனுமானத்தை நாம் இன்னும் கேள்விக்கு உட்படுத்தவில்லை.

விருதுநகர் மாவட்டம், வெம்பக்கோட்டைப் பகுதியின் ஆலங்குளத்தை எடுத்துக்கொள்வோம் (தென்காசி மாவட்டத்து ஆலங்குளம் வேறு). 1970இல் இங்கு அரசு சிமென்ட் ஆலை வந்தது. சுண்ணாம்புக்கல் வெட்டி எடுக்கப்படும் நிலம் இது. கல்லும் சிமென்ட்டும் ஏற்றிய லாரிகள் செல்லும் சாலைகள். சுற்று வட்டாரத்தில் பட்டாசுத் தொழில். அலுமினியத் தூள், கந்தகம், வெடியுப்பு ஆகியவை அத்தொழிலின் அன்றாடப் பொருள்கள். பேரியம் உப்புகளுக்கு உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் தடை விதித்தது. மருந்துக் கலவையைக் கையால் தொடும் தொழிலாளர்களில் கணிசமானோர் பட்டியல் சாதியினர். மாலையில் வீடு திரும்பும் தாயின் சேலையிலும் தலைமுடியிலும் அந்தச் சாம்பல் நிறத் தூள் ஒட்டியிருக்கும். ஆலைத் தூசு உடையின் வழியே வீட்டுக்குள் நுழைந்து குழந்தைகளைச் சென்றடைவதை, ஈயம், கல்நார் ஆகியவற்றைப் பொறுத்தவரை தொழில்சார் மருத்துவம் நெடுங்காலமாக அறிந்திருக்கிறது. ஆக, ஆலைக்குள் கால் வைக்காத குழந்தையும் ஆலைத் தூசிலிருந்து முற்றிலும் விடுபட்டதில்லை. அந்தக் குழந்தை நாளின் ஆறேழு மணி நேரத்தைக் கழிக்கும் வகுப்பறையாவது மாற்றுக் காற்றைத் தருகிறதா என்பதே நம் கேள்வி.

சட்டத்தில் இக்கேள்விக்கு விடை இல்லை. மாசற்ற காற்றும் நீரும் அரசமைப்பின் 21ஆம் பிரிவு காக்கும் வாழ்வுரிமையின் பகுதியே என்று 1991இல் சுபாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. 2009 நவம்பரில் அறிவிக்கப்பட்ட தேசியக் காற்றுத் தர அளவுகள், பி.எம். 2.5 எனப்படும் நுண்துகளுக்கு ஒரு கன மீட்டருக்கு ஆண்டுச் சராசரி 40 மைக்ரோகிராம் என வரம்பிட்டன. உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்த அளவோ வெறும் 5. ஆனால் நம் நாட்டு வரம்பு திறந்தவெளிக் காற்றுக்கானது. சுவருக்கு உள்ளே அதற்கு வேலையில்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை கழிப்பறை, குடிநீர், சமையலறை, சுற்றுச்சுவர், விளையாட்டுத் திடல் எல்லாவற்றையும் பட்டியலிடுகிறது. காற்றோட்டம் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகள் தீக்கிரையான பிறகுதான் பள்ளிகளின் கூரைகளையும் வாசல்களையும் அரசு உற்று நோக்கியது. மெல்லக் கொல்லும் காற்றுக்கு அப்படி ஒரு நாள் வாய்ப்பதில்லை.

வகுப்பறைக்குள் நடப்பதை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். இருபதுக்கு இருபது அடி அறை, பத்தடி உயரம், நாற்பது மாணவர்கள். ஒரு மாணவர் மணிக்கு ஏறத்தாழ 12 லிட்டர் கரியமில வாயுவை வெளிவிடுகிறார். வெளிக்காற்றில் அது பத்து லட்சத்தில் 420 பங்கு அளவில் இருக்கிறது. கதவும் சன்னலும் முழுக்க அடைத்திருந்தால் அரை மணி நேரத்திலேயே உள்ளே 2,000 பங்கைக் கடந்துவிடும். அந்த அளவில் அவ்வாயு நஞ்சன்று. ஆனால் அது ஒரு சாட்சி. ஒருவர் விட்ட மூச்சை மற்றவர் இழுத்துக்கொண்டிருக்கிறார் என்பதையும், காசநோய்க் கிருமியோ காய்ச்சல் கிருமியோ ஒரு நுரையீரலில் இருந்து மற்றொன்றுக்குச் செல்ல வழி திறந்திருக்கிறது என்பதையும் அது காட்டிக்கொடுக்கிறது. தலைவலியும் சோர்வும் தூக்கமும் இத்தகைய புழுங்கிய அறைகளின் வழக்கமான புகார்கள். மதியம் இரண்டு மணிக்குக் கண் செருகும் முதல் தலைமுறை மாணவரைப் பார்த்து ‘இதுகளுக்குப் படிப்பு ஏறாது’ என்று சொல்லும் வாய்கள் நம் ஊர்களில் இன்னும் ஓயவில்லை. அறையின் குறை பிறப்பின் குறையாகக் கணக்கெழுதப்படுவது இப்படித்தான்.

மின்விசிறி இருக்கிறதே என்பார்கள். மின்விசிறி உள்ளிருக்கும் காற்றைச் சுழற்றும், புதுக்காற்றைக் கொண்டுவராது. திரை நன்றாகத் தெரியட்டும் என்று சன்னல்களை அடைத்துவிட்டு நடத்தும் ஸ்மார்ட் வகுப்புக்கும் இது பொருந்தும்.

அடுத்தது தூசு. சாலைத் தூசும் சுண்ணக்கட்டித் தூளும் காலடி மண்ணும் தரையில் படிகின்றன. காலையில் உலர்ந்த விளக்குமாற்றால் பெருக்கும்போது, படிந்ததெல்லாம் மீண்டும் எழும்பி நெடுநேரம் மிதக்கிறது. மிக நுண்ணிய துகள்கள் கடைசிவரை கீழிறங்குவதில்லை. அந்த நேரத்தில் அறைக்குள் நிற்பவர் யார்? துப்புரவுப் பணியாளர் இல்லாத பள்ளிகளில் பெருக்குவது யார் பிள்ளை? 2022இல் ஈரோடு மாவட்டத்தின் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் பட்டியல் சாதிக் குழந்தைகளைக் கழிப்பறை கழுவ வைத்த புகாரில் தலைமையாசிரியர் கைது செய்யப்பட்டதை வாசகர்கள் அறிவர். கழிப்பறை என்றால் கோபம் எழுகிறது. விளக்குமாறு என்றால் ‘ஒழுக்கப் பயிற்சி’ என்று கடந்துவிடுகிறோம். துகளை அளக்கும் கருவி ஒன்றைப் பெருக்கும் குழந்தையின் முகத்தருகே வைத்தால் இந்தச் சொல் நிற்காது. ஈரத்துணியால் துடைப்பதும், அதற்குச் சம்பளம் பெறும் பணியாளரை அமர்த்துவதும் காற்றுத் தரம் சார்ந்த நடவடிக்கைகளே.

சமையலறையும் விடுதியும் இக்கணக்கில் சேர வேண்டும். 1982இல் விரிவாக்கப்பட்ட சத்துணவும் 2022இல் தொடங்கிய காலை உணவும் நம் குழந்தைகளின் வாழ்வை மாற்றிய திட்டங்கள். விறகடுப்புப் புகை வகுப்பறைக்குள் புகும் இடங்களில் எரிவாயுவும் புகைபோக்கியும் கேட்பது அத்திட்டங்களை வலுப்படுத்தும் கோரிக்கைதான். முதலில் புகையை விழுங்குபவர் சமையல் செய்யும் பெண். ஆதிதிராவிடர் நல விடுதிகளில் மாணவர்கள் இரவையும் உள்ளேயே கழிக்கிறார்கள். சன்னலில் கொசுவலை இல்லாததால் சன்னல் அடைபடுகிறது, கொசுவர்த்திச் சுருள் ஏற்றப்படுகிறது. ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் வெளிவிடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகளுக்கு இணை என்று 2003இல் வெளியான ஓர் ஆய்வு கணித்தது. சன்னலுக்கு ஒரு வலை அடித்தால் தீரும் சிக்கல் இது.

இனி, செய்யக்கூடியது. ஒருவருக்கு நொடிக்கு 10 லிட்டர் புதுக்காற்று என்பது பெருந்தொற்றுக் காலத்தில் உலகச் சுகாதார நிறுவனம் பொதுக் கட்டடங்களுக்குப் பரிந்துரைத்த அளவு. நாற்பது பேருக்கு 400 லிட்டர். மலைப்பாகத் தோன்றலாம், எதிரெதிர்ச் சுவர்களில் ஆளுக்கொரு சதுர மீட்டர் திறப்பிருந்து மென்காற்று ஊடுருவினாலே அது ஏறத்தாழக் கிடைத்துவிடும். பெரு நாட்டின் லிமா நகர மருத்துவமனைகளில் நடந்து 2007இல் வெளியான ஆய்வு, உயர்ந்த கூரையும் பெரிய சன்னல்களும் கொண்ட பழைய கட்டடங்கள், இயந்திரக் காற்றோட்டம் உள்ள அறைகளைவிட அதிகக் காற்றைப் பெற்றதைக் காட்டியது. ஒரு பக்கம் மட்டும் சன்னல் வைத்து, மறுபக்கத்தை நிலைப்பேழையால் மறைத்த அறைக்கு அந்த வாய்ப்பு இல்லை.

ஆனால் ஆலங்குளம் போன்ற ஊர்களில் ‘சன்னலைத் திற’ என்பது பாதி விடைதான். திறந்தால் சாலைத் தூசு வரும். அடைத்தால் மூச்சு தேங்கும். சாலைக்கு மறுபக்கச் சன்னல்களை முதன்மையாகத் திறப்பது, சாலையோரம் அடர்ந்த வேலி வளர்ப்பது, பள்ளி வழியே செல்லும் லாரிகள் தார்ப்பாய் மூடாமல் போவதைத் தடுப்பது, எல்லாம் உதவும். அதற்கு மேல் அது ஆலைகளின் பொறுப்பு. வேலை முடிந்ததும் குளிக்கவும் உடை மாற்றவும் ஆலையிலேயே வசதி கோருவது தொழிற்சங்கக் கோரிக்கை மட்டுமல்ல, பள்ளிக் கோரிக்கையும்கூட. வகுப்புக்கு வகுப்பு காற்றுத் தூய்மைப்படுத்தி வாங்கும் ஆலோசனையை நாம் ஐயத்துடனே பார்க்கிறோம்: வடிகட்டியை மாற்றப் பணம் இல்லாத இரண்டாம் ஆண்டில் அது மூலையில் கிடக்கும்.

கல்வி உரிமைச் சட்டத்தின் 21, 22ஆம் பிரிவுகள் பள்ளி மேலாண்மைக் குழுவை அமைக்கவும், அக்குழு பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிக்கவும் வழி செய்கின்றன. குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராகவும் பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். நலிந்த பிரிவினருக்கு விகிதாசார இடம் உண்டு. கரியமில வாயு அளக்கும் கைக்கருவி சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. அருகிலுள்ள கல்லூரி மாணவர்கள் ஒரு கருவியோடு, குழுவின் ஒப்புதலுடன், ஒரு வாரம் வகுப்பறையில் அளந்து, எத்தனை மாணவர், எத்தனை சன்னல் திறப்பு, எந்த நேரம் என்று குறித்துக் கொடுத்தால் வளர்ச்சித் திட்டத்தில் சேர்க்க ஆவணம் தயார். அதே ஊரின் ஊர்த்தெருப் பள்ளியிலும் சேரிப் பள்ளியிலும் ஒரே வாரத்தில் அளந்து, இரு பட்டியல்களையும் அருகருகே வைத்துக் கிராம சபையில் வாசிக்க வேண்டும்.