கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு சாமுராய்

உங்கள் வீட்டுக் கண்ணாடி அலமாரியைச் சற்றுத் திரும்பிப் பாருங்கள். திருமணப் படம் இருக்கும். பிள்ளை பள்ளி விளையாட்டுப் போட்டியில் வாங்கிய கிண்ணம் இருக்கும். யாரோ பரிசளித்த, ஒருநாளும் காப்பி ஊற்றாத பீங்கான் கோப்பைகள் இருக்கும். அவற்றின் நடுவே இப்போது ஒரு புதிய விருந்தாளி வந்து நிற்கலாம். ஓரடி உயரம், கருநீல அங்கி, இடுப்பில் நீண்ட வாள், கூர்ந்து நோக்கும் கண்கள். "இது என்னப்பா, பொம்மை?" என்று கேட்டால், "பொம்மை இல்லைம்மா, ஃபிகர்" என்று வளர்ந்த மகன் சற்றுக் கோபத்தோடு பதில் சொல்வான். விலையைக் கேட்டால் நமக்குத் தலை சுற்றும்!

சிலிபினிலும் புந்தோங்கிலும் தோட்டங்களை விட்டு வந்து குடியேறிய நம் குடும்பங்களுக்கு இந்தப் பொழுதுபோக்கு புதிது. புதிது என்பதாலேயே அதைப் பழிக்கவும் வேண்டாம். கண்ணை மூடிக்கொண்டு பணத்தைக் கொட்டவும் வேண்டாம். அது என்ன, எங்கிருந்து வந்தது, நமக்கும் அதற்கும் என்ன உறவு என்பதைச் சற்று நிதானமாகப் பார்ப்போமா?

ஆறில் ஒன்று என்றால் என்ன?

இந்த உருவங்களை 'ஆறில் ஒரு பங்கு அளவு' என்று சொல்வார்கள். ஆறடி மனிதன் ஓரடியாகச் சுருங்குகிறான். அவனோடு அவன் சட்டை, செருப்பு, வாள், தண்ணீர்க் குடுவை எல்லாமே அதே கணக்கில் சுருங்க வேண்டும். நுனி முதல் பிடி வரை ஏறக்குறைய ஒரு மீட்டர் வரும் ஜப்பானிய வாள், இங்கே 17 சென்டிமீட்டர் ஆகிவிடும். உடை நிஜத் துணியில் தைக்கப்பட்டிருக்கும். கழுத்து, தோள், முழங்கை, மணிக்கட்டு என்று மூட்டுகள் எல்லாம் மடங்கும். சேகரிப்பவர்கள் விலை கொடுப்பது இந்த நுணுக்கத்திற்குத்தான்.

இதன் வரலாறு சுவையானது. 1959-ஆம் ஆண்டு அமெரிக்காவின் மேட்டல் நிறுவனம் பார்பி பொம்மையை வெளியிட்டது. பதினொன்றரை அங்குல உயரம். அந்த முதல் பார்பிகள் செய்யப்பட்ட இடம் ஜப்பான். அவற்றின் குட்டி உடைகளையும் ஜப்பானியப் பெண்கள்தாம் தைத்தார்கள். 1964-இல் ஹாஸ்புரோ நிறுவனம் சிறுவர்களுக்காக ஜி.ஐ. ஜோ என்ற போர்வீரனைக் கொண்டுவந்தது. ஆண்பிள்ளைகள் பொம்மை வாங்க வெட்கப்படுவார்கள் என்று எண்ணி, 'பொம்மை' என்ற சொல்லையே தவிர்த்து 'ஆக்‌ஷன் ஃபிகர்' என்று பெயரிட்டார்கள். உங்கள் மகன் இன்று சொல்லும் பதில், அறுபது ஆண்டுகளுக்கு முன் ஒரு கம்பெனி சொல்லிக்கொடுத்த பதில்தான்!

1972-இல் ஜப்பானின் தக்காரா நிறுவனம், ஜோவின் உடல் அமைப்பை வைத்தே உருமாறும் வீரன் ஒருவனைச் செய்தது. அடுத்து வந்த எண்ணெய் நெருக்கடியில் பிளாஸ்டிக் விலை ஏறியது. உருவங்கள் நான்கங்குலத்துக்குச் சுருங்கின. ஓரடி உருவம் மீண்டும் பெருமையோடு எழுந்தது பின்னாளில்தான். 2000-இல் ஹாங்காங்கில் தொடங்கிய ஹாட் டாய்ஸ் போன்ற நிறுவனங்கள், முகத்தில் மயிர்க்கால் தெரியும் அளவுக்கு வண்ணம் தீட்டிப் பெரியவர்களுக்கென்றே விற்கத் தொடங்கின.

நம் நாட்டுக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. பழைய பார்பி பொம்மைகள் பலவற்றின் முதுகில் 'மலேசியா' என்று பொறித்திருப்பதைக் காணலாம். பினாங்கிலுள்ள மேட்டல் தொழிற்சாலை ஹாட் வீல்ஸ் சிறு கார்களை உலகெங்கும் அனுப்பி வந்திருக்கிறது.

பொம்மை அடுக்குவது நமக்குப் புதிதா?

இல்லவே இல்லை. நவராத்திரி வந்தால் ஒற்றைப்படை எண்ணில் படி கட்டி, மரப்பாச்சியும் செட்டியார் பொம்மையும் அடுக்கிக் கொலு வைப்பவர்கள் நாம். ஜப்பானியரும் அப்படியே. மார்ச் 3-ஆம் நாள் பெண்பிள்ளைகளுக்காகச் சிவப்புத் துணி விரித்த படிகளில் அரசன், அரசி, பணிப்பெண்கள், இசைவாணர் என்று பொம்மை அடுக்குகிறார்கள். மே 5-ஆம் நாள் ஆண்பிள்ளைகளுக்காகக் கவசமும் போர்வீரர் பொம்மையும் வைக்கிறார்கள். ஆகவே சாமுராய் பொம்மை என்பது அங்கே வீட்டுத் திருநாளில் பிறந்த ஒன்று.

நம் இளைஞர்களை இழுத்தவை கார்ட்டூன் தொடர்கள். 1996-இல் ஜப்பானியத் தொலைக்காட்சியில் தொடங்கிய 'ரூரோனி கென்ஷின்' தொடரின் நாயகன், இனி யாரையும் கொல்வதில்லை என்று சபதம் செய்தவன். அவன் வாளின் வெட்டும் விளிம்பு எதிரியை நோக்காமல் தன்னை நோக்கித் திரும்பியிருக்கும். 2001-இல் 'சாமுராய் ஜாக்' வந்தது. 2023 நவம்பரில் நெட்ஃபிளிக்ஸில் 'புளூ ஐ சாமுராய்' வந்தது. அதில் வரும் மிசு, கலப்புப் பிறப்பின் காரணமாக ஊரால் வெறுக்கப்பட்டவள். தன் நீலக் கண்களை வண்ணக் கண்ணாடியால் மறைத்து, ஆண் வேடம் பூண்டு வாளேந்துகிறாள். பிறப்பைச் சொல்லி மட்டம் தட்டப்படுவதன் வலி நமக்குப் புரியாத ஒன்றா? அதனால்தான் அந்த உருவம் பிள்ளைகளின் மனத்தில் ஒட்டிக்கொள்கிறது. ஆனால் பெற்றோர் கவனிக்க வேண்டும்: கார்ட்டூன் என்றாலும் இது பெரியவர்களுக்கான தொடர். இரத்தமும் படுக்கையறைக் காட்சியும் உண்டு. சிறு பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பார்க்க வேண்டாம்.

தாத்தா கண்ட வாள்

இங்கேதான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். உங்கள் வீட்டில் எண்பதைத் தாண்டிய பாட்டியோ தாத்தாவோ இருந்தால், அந்தப் பொம்மையின் இடுப்பு வாளைக் கண்டதும் அவர்கள் முகம் மாறக்கூடும். காரணம் கேளுங்கள்.

1941 டிசம்பர் 8-ஆம் நாள் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. அந்த மாதம் முடிவதற்குள் ஈப்போ அவர்கள் கைக்குப் போய்விட்டது. அதன் பின் வந்த மூன்றரை ஆண்டுகளைத்தான் நம் பெரியவர்கள் 'ஜப்பான் காலம்' என்கிறார்கள். அரிசி இல்லை, மரவள்ளிக்கிழங்குதான் உணவு. சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட, மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களை ஆசை காட்டியும் பிடித்தும் கொண்டுபோனார்கள். 1943 அக்டோபரில் பாதை முடிந்தது. காலராவிலும் பசியிலும் அடியிலும் மாண்டவர்கள் பல்லாயிரம் பேர். ஆர். சண்முகம் எழுதிய 'சயாம் மரண ரயில்' நாவல் அந்தக் கொடுமையைத்தான் பேசுகிறது. அந்நாளில் தோட்டத்துக்குள் நடந்து வந்த அதிகாரியின் இடுப்பிலும் ஒரு வாள் தொங்கியது.

இரண்டு வாளும் ஒன்றா? பிள்ளைகளுக்கு இதை விளக்குவது நல்லது. சாமுராய் குலத்தார் வாள் அணிந்து வெளியே நடப்பதை ஜப்பானிய அரசே 1876-இல் தடை செய்தது. மறு ஆண்டு, 1877-இல், அவர்களின் கடைசிப் பெருங்கலகம் சட்சுமாவில் அடக்கப்பட்டது. நம் பெரியவர்கள் கண்டதோ பிற்காலத்து ராணுவ வாள். பழைய வாளின் தோற்றத்தில் 1934-இல் புதிய வடிவம் வகுத்து, பெரும்பாலும் தொழிற்சாலைகளில் செய்து, அதிகாரிகளுக்கு அணிவித்தார்கள். சாமுராயின் பழம்பெருமையைப் பேசித்தான் அந்தப் படையைப் போருக்கு அனுப்பினார்கள் என்பதும் உண்மை. பொம்மையை வைத்திருக்கும் பிள்ளை இரண்டையும் தெரிந்துகொள்ளட்டும். தெரிந்துகொண்டபின் அந்தப் பொம்மையைத் தாத்தாவின் கட்டிலுக்கு எதிரே வைக்கமாட்டான். தன் அறையில் வைப்பான். அந்த மரியாதை போதும்.

இன்னொரு செய்தி. சட்சுமாவில் சாமுராய்கள் வீழ்ந்த அதே 1877-இல்தான், நம் பேராக்கின் கோலகங்சாரில் ரப்பர் கன்றுகள் நடப்பட்டன. அவற்றில் ஒரு மரம் இன்றும் அங்கே பாதுகாக்கப்படுகிறது. ஒரு நாட்டில் வாளின் கதை முடிந்த ஆண்டில், இங்கே பால்வெட்டுக் கத்தியின் கதைக்கு விதை விழுந்தது!

பையைப் பார்த்து வாங்குங்கள்

இப்போது பணக் கணக்குக்கு வருவோம். பெயர்பெற்ற நிறுவனத்தின் ஓர் உருவம் ஆயிரம் வெள்ளியைத் தாண்டும். நம் நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 பிப்ரவரியில் 1,700 வெள்ளியானது. ஒரு பொம்மைக்குப் பாதி மாத உழைப்புக்கு மேல் போகிறதென்றால், வீட்டில் கலந்து பேசாமல் செய்யக்கூடிய காரியமா அது?

பெரும்பாலும் முன்பதிவு செய்துதான் வாங்குவார்கள். முன்பணம் கட்டிப் பல மாதம் காத்திருக்க வேண்டும். பாதியில் வேண்டாமென்றால் முன்பணம் திரும்பாமல் போகலாம். ஒரே நேரத்தில் நான்கு பொம்மைக்கு முன்பதிவு செய்துவிட்டு, நான்கும் ஒரே மாதம் வந்து நின்றால் கடன்தான். 'இப்போது வாங்கு, பிறகு கட்டு' என்னும் தவணை முறையும் கடனே. "பின்னால் விலை ஏறும், முதலீடு" என்று சொல்பவரை நம்ப வேண்டாம். சில ஏறும், பல இறங்கும். தொடரின் பெயரைப் போடாமல், நாயகனின் சாயலில் மட்டும் செய்து விற்கும் சிறு கம்பெனிகளும் உண்டு. அசலைப் பார்த்து அச்செடுத்த போலிகளும் உண்டு. பெட்டியின் மேல் உரிமை பெற்ற நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

வாங்கியபின் காப்பதும் ஒரு கலை. நம் ஊர் வெக்கையும் ஈரமும் இவற்றுக்குப் பகை. செயற்கைத் தோலால் செய்த கச்சையும் காலணியும் சில ஆண்டுகளில் செதில் செதிலாக உரியும். வெயில் பட்டால் நிறம் மங்கும். கருநீலத் துணியின் சாயம் உடலில் ஏறும். ஆகவே சன்னலோரம் வைக்காதீர்கள். உடைக்கும் உடலுக்கும் நடுவே மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றுங்கள். பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலங்களைப் போடுங்கள். வாளை ஓங்கிய நிலையிலேயே மாதக்கணக்கில் நிறுத்தாமல், கைகளைத் தளர்த்தி வையுங்கள்; மூட்டு கிழியாது.

நம் வீரரை யார் செய்வது?

அன்பர்களே, இவ்வளவு நுணுக்கம் தெரிந்த நம் பிள்ளைகளிடம் ஒரு வேண்டுகோள். விடியுமுன் எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, பனியிலும் கொசுக்கடியிலும் நிரை நிரையாகப் பால்மரம் வெட்டிய உங்கள் பாட்டியை ஆறில் ஒரு பங்கில் செய்து பாருங்கள். கடையில் கிடைக்காத உருவம் அது.

கணக்கு எளிது. சுற்றளவு 50 சென்டிமீட்டர் வந்த மரத்தைத்தான் வெட்டத் தொடங்குவார்கள். ஆறில் ஒரு பங்கென்றால் சுற்றளவு எட்டேகால், குறுக்களவு ஏறக்குறைய இரண்டரை முதல் மூன்று சென்டிமீட்டர். சற்றுத் தடித்த துடைப்பக் கட்டை போதும். வெட்டுக்கோடு இடப்புறம் மேலிருந்து வலப்புறம் கீழாகச் சரியும். சரிவு 30 பாகை. கோணம் மட்டும் சுருங்காது, அப்படியே இருக்கும். மங்குக்கு மருந்துப் புட்டியின் மூடி. வாளிக்குச் சிறிய தைலத் தகரம். ஒன்றரை மீட்டர் காண்டாக் கம்பு 25 சென்டிமீட்டர் மூங்கில் குச்சியாகும். உடைக்குப் பழைய மெல்லிய வாயில் சேலை. தடித்த துணி சிறு உடலில் விறைத்து நிற்கும். கட்டமும் பூவும் பொடியாக இருக்க வேண்டும். உடலுக்கு மூட்டு மடங்கும் விலை குறைந்த பொம்மை ஒன்று.

கத்தியை எப்படிப் பிடித்தார்கள், சேலைக்கு மேலே யாருடைய சட்டையைப் போட்டுக்கொண்டார்கள், தலைத்துணியை எப்படிச் சுற்றினார்கள், ஒட்டுப்பாலை எதில் சேர்த்தார்கள் என்பதெல்லாம் எந்த விளம்பரத்திலும் இல்லை. பாட்டியைத்தான் கேட்க வேண்டும். கேட்கும்போது ஜப்பான் காலத்தையும் கேளுங்கள். சொல்லக்கூடியவர்கள் இனி அதிக நாள் நம்மோடு இருக்கப்போவதில்லை.

செய்து முடித்ததும் சாமுராயை அகற்ற வேண்டியதில்லை. பக்கத்திலேயே பாட்டியையும் நிறுத்துங்கள். இருவரும் ஒரே அளவுக் கணக்கில் செய்தவர்கள்தாம். வீட்டுக்கு வருபவர்கள் வாளைப் பற்றி ஒரு கேள்வி கேட்டால், அந்தச் சிறு கத்தியைப் பற்றியும் ஒரு கேள்வி கேட்பார்கள். பதில் சொல்ல உங்கள் பிள்ளைக்குத் தெரிந்திருக்கட்டும்.