திருப்தி வேறு, பத்திரம் வேறு

1962-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றுக்கு டிம்மி ஜீன் லிண்ட்ஸே என்னும் மாது சென்றார். மார்பில் குத்தியிருந்த பச்சையை நீக்கிக்கொள்வதே அவர் நோக்கம். டாக்டர்கள் தாமஸ் குரோனினும் பிராங்க் ஜெரோவும், தாம் புதிதாக உருவாக்கிய சிலிக்கோன் பையை மார்பகத்தினுள் வைத்துக்கொள்ள இசைவாரா என்று வினவினர். அவருக்கோ தம் காதுகளைப் பற்றித்தான் குறை. அவற்றையும் சீர்செய்வதாகக் கூறவே உடன்பட்டார். இச்சிகிச்சை பெற்ற முதல் பெண் அவரே.

இன்று நம் நாட்டுப் பெருநகரங்களிலும் அழகுக்காக இதனைச் செய்துகொள்வோர் உளர். நம் இல்லத்துப் பெண் ஒருத்தி இதுபற்றிப் பேச்செடுத்தால், கடிந்து வாயடைப்பது முறையன்று. விவரம் அறிந்து உரையாடுவதே முறை.

செய்துகொண்டோரைக் கேட்டால் பெரும்பாலோர் மனநிறைவே தெரிவிக்கின்றனர். அது பொய்யன்று. ஆயினும் அது தோற்றத்திற்குச் சாட்சியேயன்றி, உள்ளே இருக்கும் பண்டத்திற்குச் சாட்சியாகாது. பிரான்சு தேசத்தில் பி.ஐ.பி. என்னும் நிறுவனம் மருத்துவத்திற்கு அனுமதி பெறாத மலிவான சிலிக்கோனை நிரப்பிப் பைகளை விற்றது 2010-இல் அம்பலமாயிற்று. பல நாடுகளில் ஏறத்தாழ 3 லட்சம் பெண்கள் அவற்றைத் தாங்கியிருந்தனர். அதுகாறும் திருப்தியோடு இருந்தவர்களும் அவர்களுள் இருந்திருப்பர் அன்றோ! நிறுவனத் தலைவருக்கு 2013-இல் 4 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

மேற்பரப்பு சொரசொரப்பான சில பைகளைச் சூழ்ந்து உண்டாகும் தழும்புத் திசுவில், அரிதாக ஒருவகை நிணநீர்ப் புற்றுநோய் தோன்றுவது கண்டறியப்பட்டது. இதன் பொருட்டு அல்லர்கன் நிறுவனம் தன் அவ்வகைப் பைகளை 2019-இல் உலகெங்கும் திரும்பப் பெற்றது.

2021-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், இப்பைகள் ஆயுட்காலம் முழுதும் நீடிப்பவை அல்ல என்னும் எச்சரிக்கையைக் கட்டாயமாக்கியது. நாள் செல்லச் செல்ல, மறு அறுவைக்குத் தேவை நேரும் வாய்ப்பு மிகுகின்றது. சுற்றியுள்ள திசு இறுகி வலிக்கலாம். பை கிழிந்தும் வெளியே யாதொரு குறியும் தோன்றாதிருக்கலாம். ஆகவே, சிலிக்கோன் பை வைத்துக்கொண்டோர் 5 அல்லது 6 ஆண்டுகளில் ஸ்கேன் பார்த்து, பின் 2 அல்லது 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை பார்த்துவரல் வேண்டும் என்பது அந்நிர்வாகத்தின் யோசனை. முதற்செலவை மட்டும் கணக்கிடுவோர் இதனை மறத்தலாகாது.

உத்தியோகத்தின் பொருட்டு ஊர் ஊராக மாற்றலாகிச் செல்லும் நம் போன்ற குடும்பத்தினர்க்கு ஒரு வார்த்தை. அறுவை செய்த டாக்டர் ஓர் ஊரிலும், பின்னாளில் வீக்கம் கண்டு நாம் நாடும் டாக்டர் வேறோர் ஊரிலும் இருப்பர். பையைச் செய்த நிறுவனம், அதன் வகை, தொடர் எண் ஆகியவை குறித்த அட்டையைக் கேட்டுப் பெற்று, பள்ளிச் சான்றிதழ்களோடு பத்திரப்படுத்துங்கள். அவ்வட்டையைத் தர மறுக்கும் இடத்தில் அச்சிகிச்சையைச் செய்துகொள்ளாதிருப்பதே நலம்.