ஆறு கிலோமீட்டர் வேகத்துக்குக் கீழே

சென்னை கொட்டிவாக்கத்திலிருந்து மேற்கே போய் எஸ்.ஆர்.பி. டூல்ஸ் சந்திப்பில் ஓ.எம்.ஆரைப் பிடிக்கிறவர்கள், ஆபீஸ் விடும் நேரத்தில் வண்டியை ஓட்டுவதில்லை, நகர்த்துகிறார்கள். மெட்ரோ இரண்டாம் கட்டப் பணி சாலையின் நடுவை எடுத்துக்கொண்டுவிட்டது. கிழக்கே ஈ.சி.ஆரிலோ திருவான்மியூர் முதல் அக்கரை வரை அகலப்படுத்தும் வேலை. நாலடி போவதும் நிற்பதுமாக அங்கே ஊரும் கார்களில், இடது காலுக்கு வேலை வைக்காத ஆட்டோமேடிக் வண்டிகள் நிறைய. அவற்றில் ஒரு ரகம், டி.சி.டி. என்கிற இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ் பொருத்தியவை. புறவழிச் சாலையில் வேகமெடுக்கும்போது அந்த கியர்பாக்ஸ் மின்னலாக வேலை செய்யும். அதைப் படுத்தி எடுப்பது இந்த ஊர்வலம்தான்.

ஏன் என்பதற்குச் சின்னக் கணக்கு ஒன்று போதும். முதல் கியரில் எஞ்சின் சுமார் 15 முறை சுற்றினால் சக்கரம் ஒரு முறை சுற்றும் என்று வைத்துக்கொள்வோம். ஆக்சிலரேட்டரைத் தொடாமல் விட்டால் எஞ்சின் நிமிடத்துக்கு 750 சுற்று ஓடும். சக்கரம் 50 சுற்று. ஒரு சுற்றுக்கு இரண்டு மீட்டர் என்றால் நிமிடத்துக்கு 100 மீட்டர், அதாவது மணிக்கு 6 கிலோமீட்டர். இதற்கும் மெதுவாகக் கார் போக வேண்டுமானால் கிளட்ச் முழுதாகப் பிடிக்கக் கூடாது. பிடித்தால் எஞ்சின் திணறி அணைந்துவிடும். பாதி பிடித்து, பாதி வழுக்கியபடியே இருக்க வேண்டும். டிரைவர்கள் இதைத்தான் ‘ஆஃப் கிளட்ச்’ என்பார்கள். மேனுவல் வண்டியில் அந்த வேலையை இடது கால் செய்யும், டி.சி.டி.யில் கணினி செய்கிறது. வழுக்கலில் வீணாகும் சக்தி முழுவதும் சூடாக மாறி கிளட்ச்சில் இறங்கும்.

சமதளத்தில் ஒரு தடவை வழுக்கினால் வரும் சூடு பெரிதில்லை, அடுத்தடுத்து வழுக்கும்போதுதான் அது சேரும். சரிவிலோ ஒரே தடவை போதும். அடுக்குமாடிக் கட்டடத்தின் அடித்தள பார்க்கிங் சரிவில், முன்னால் இருக்கும் கார் நகரட்டும் என்று பிரேக்கை மிதிக்காமல் ஆக்சிலரேட்டரை லேசாக அழுத்தியே வண்டியை நிறுத்தி வைத்திருப்பவரைப் பார்த்திருப்பீர்கள். 1,300 கிலோ கார், பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏறும் சரிவு என்றால், அப்போது கிளட்ச்சில் உருவாகும் வெப்பம் ஏறக்குறைய இரண்டரை கிலோவாட். வீட்டுக் குளியலறை கீசரே பெரும்பாலும் 2 கிலோவாட்தான். அந்த வெப்பம் நாலு கிலோ வார்ப்பிரும்புத் தட்டு ஒன்றிலேயே தங்கினால், ஒரே நிமிடத்தில் அதன் சூடு சுமார் 80 டிகிரி ஏறிவிடும்.

இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ், உள்ளே பார்த்தால், ஒரு கூட்டில் குடியிருக்கும் இரண்டு மேனுவல் கியர்பாக்ஸ்கள். 1, 3, 5, 7 என்ற ஒற்றைப்படை கியர்களுக்கு ஒரு கிளட்ச், 2, 4, 6க்கு இன்னொன்று. ஒன்றின் தண்டு கெட்டியானது; அதைச் சுற்றிக் குழாய் போன்ற மற்றொரு தண்டு. இரண்டாவது கியரில் போய்க்கொண்டிருக்கும்போதே மூன்றாவது கியரைக் கணினி முன்கூட்டிப் பூட்டி வைத்துவிடும். பிறகு ஒரு கிளட்ச் விலக விலக, மற்றது பிடிக்கும். நடுவில் இழுவை அறுந்து போவதில்லை. ஒரே கிளட்ச் உள்ள ஏ.எம்.டி. கார்களில் கியர் மாறும்போது தலை முன்னால் போய் வருமே, அது இதில் இல்லை.

இன்னொரு வேறுபாட்டையும் கவனிக்க வேண்டும். மேனுவல் காரின் கிளட்ச் இயல்பாகப் பிடித்தே இருக்கும்; பெடலை மிதித்தால்தான் விடும். டி.சி.டி.யில் தலைகீழ். இரண்டு கிளட்ச்சும் இயல்பாக விட்டே இருக்கும். எண்ணெய் அழுத்தமோ மின் மோட்டாரோ தள்ளினால்தான் பிடிக்கும். காரணம் பாதுகாப்புதான். கரண்ட் போய் இரண்டும் ஒரே சமயத்தில் பிடித்துக்கொண்டால் இரு வேறு கியர்கள் சண்டையிட்டு கியர்பாக்ஸே நொறுங்கும்.

இந்த யோசனை ஒன்றும் புதிதல்ல. ரஷ்ய ஜார் மன்னரின் மோட்டார் பணிமனையில் வேலை பார்த்த பிரெஞ்சுக்காரர் அடால்ஃப் கெக்ரெஸ், 1930களின் இறுதியிலேயே இதை எண்ணிவிட்டார். ஆனால் இரு கிளட்ச்சுகளையும் மில்லிசெகண்ட் கணக்கில் ஆட்டுவிக்க அன்று ஆளும் இல்லை, கருவியும் இல்லை. 1980களில் போர்ஷே நிறுவனம் 956, 962 பந்தயக் கார்களில் சோதித்தது. சாலையில் ஓடும் காருக்கு வந்தது 2003இல், ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஆர்32 மூலம். அதற்கு கிளட்ச் தந்தது அமெரிக்காவின் போர்க்வார்னர்.

அந்த முதல் கிளட்ச் ஈர வகை. மெல்லிய தட்டுகள் பல அடுக்காக எண்ணெயில் மூழ்கியிருக்கும். ஒரு கிளட்ச் வெளி வளையமாகவும் மற்றது அதற்குள்ளேயும். எண்ணெய் ஓடி ஓடிச் சூட்டைக் கொண்டுபோய்விடும். ஆனால் அந்த எண்ணெயை ஓட்ட பம்பு வேண்டும், பம்புக்கு எஞ்சின் சக்தி வேண்டும். மைலேஜ் குறையும். 2008இல் ஃபோக்ஸ்வாகன் ஏழு கியர் பெட்டி ஒன்றில் உலர் வகைக்குப் போனது. லுக் நிறுவனம் வடிவமைத்த அந்தக் கிளட்ச்சில், நடுவில் கனமான ஒரு தட்டு, அதன் இரு பக்கமும் ஒவ்வொரு கிளட்ச் பிளேட், அவற்றை அமுக்கும் இரண்டு பிரஷர் பிளேட்டுகள். எண்ணெய் இல்லை, காற்றுதான். நடுத்தட்டு எவ்வளவு சூட்டை வாங்கி வைத்துக்கொள்ளும் என்பதே வடிவமைப்பாளரின் தலைவலி. கனத்தைக் கூட்டினால் சூடு தாங்கும், ஆனால் கியர்பாக்ஸ் நீளும். முன்சக்கர இழுவைக் காரில் எஞ்சினும் கியர்பாக்ஸும் குறுக்குவாட்டில் இருப்பதால் அங்கே ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் அடிபிடி. அந்த ஏழு கியர் பெட்டியின் வரம்பு 250 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. இன்று புனே அருகே சாக்கனில் தயாராகும் விர்ட்டஸ், ஸ்லாவியா கார்களின் 1.5 லிட்டர் டர்போ எஞ்சின் தருவது அதே 250.

சென்னைக்கு இந்தக் கதையில் நேரடிப் பங்கு உண்டு. ஜி.எஸ்.டி. சாலையில் மறைமலை நகரில் இருந்த ஃபோர்டு ஆலை 2013இல் ஈகோஸ்போர்ட்டை வெளியிட்டபோது, பெட்ரோல் ஆட்டோமேடிக்கில் ‘பவர்ஷிஃப்ட்’ என்ற ஆறு கியர் உலர் இரட்டை கிளட்ச்சை வைத்தது. அதே குடும்பத்தைச் சேர்ந்த கியர்பாக்ஸ் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் ஃபியஸ்டா, ஃபோகஸ் கார்களில் ஃபோர்டின் பெயரைக் கெடுத்தது. புறப்படும்போது உதறல், இழுவை சட்டென்று போவது. தண்டின் சீல் கசிந்து எண்ணெய் உலர்ந்த தட்டில் பட்டது ஒரு காரணம். உலர் கிளட்ச்சுக்கு ஒரு துளி எண்ணெயும் ஆகாது. வாடிக்கையாளர் புகார்களைக் கையாண்ட விதத்துக்காக 2018இல் ஆஸ்திரேலிய நீதிமன்றம் ஃபோர்டுக்கு ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. நம் ஊர் ஈகோஸ்போர்ட்டிலோ 2017இல் புதுப்பித்தபோது பவர்ஷிஃப்ட் காணாமல் போய், பழைய பாணி டார்க் கன்வர்ட்டர் ஆட்டோமேடிக் வந்து உட்கார்ந்தது.

ஃபோக்ஸ்வாகனும் தப்பவில்லை. 2013 நவம்பரில் அந்த ஏழு கியர் பெட்டியின் செயற்கை கியர் எண்ணெயை மாற்றுவதற்காக உலகம் முழுவதும் 16 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. எங்கே சிக்கல் வந்தது? வெயிலும் ஈரப்பதமும் அதிகமுள்ள ஊர்களில், நின்று நின்று போகும் ஓட்டத்தில். மே மாத ஓ.எம்.ஆரைப் பார்த்து எழுதியது போன்ற விளக்கம்.

அதற்காக உலர் வகை தோற்றுவிட்டது என்று சொல்ல முடியாது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 2019இல் வென்யூவுடன் ஏழு கியர் உலர் டி.சி.டி.யைக் கொண்டுவந்தது. அங்கே கிளட்ச்சைத் தள்ளுவது மின் மோட்டார். கவனிக்க வேண்டியது அந்த ஆலையின் கிரெட்டா: டர்போ பெட்ரோலுக்கு இரட்டை கிளட்ச், சாதா பெட்ரோலுக்கு சி.வி.டி. என்கிற வேறு ரக ஆட்டோமேடிக், டீசலுக்கு டார்க் கன்வர்ட்டர். ஒரே காருக்கு மூன்று பதில். எது சிறந்தது என்ற கேள்விக்கு நிறுவனத்துக்கே ஒற்றை விடை கிடையாது என்பதுதான் இதன் அர்த்தம். டாடா வேறு வழியில் போனது. 2022இல் ஆல்ட்ராஸ் டி.சி.ஏ.யில் எண்ணெயில் மூழ்கிய ஈர கிளட்ச்சை வைத்து, நம் ஊர்ச் சூட்டுக்கு ஏற்றது என்று அதையே விளம்பரமும் செய்தது.

உலர் டி.சி.டி. கார் வைத்திருப்பவர்கள் கையேட்டின் ஒரு பக்கத்தையாவது படிப்பது நல்லது. சரிவில் ஆக்சிலரேட்டரால் வண்டியைத் தாங்கிப் பிடிக்காதீர்கள், பிரேக்கை மிதியுங்கள் என்று அதில் தெளிவாகவே இருக்கும். நெரிசலில் முன்னால் இருக்கும் கார் ஓரடி நகர்ந்தவுடன் தானும் ஓரடி நகராமல், இரண்டு கார் இடைவெளி விழுந்த பிறகு ஒரே மூச்சில் போனால் கிளட்ச் முழுதாகப் பிடித்துவிடும், வழுக்கல் குறையும். பின்னால் இருப்பவர் ஹாரன் அடிப்பார், அடிக்கட்டும். சூடு எல்லை மீறினால் டேஷ்போர்டில் எச்சரிக்கை வரும். அப்போது ஓரம் கட்டி ‘பி’யில் போட்டு எஞ்சினை ஓடவிட வேண்டும்.

பழைய டி.சி.டி. கார் வாங்கப் போகிறவர் சோதனை ஓட்டத்தை ஈ.சி.ஆரின் காலியான பகுதியில் வைத்துக்கொண்டால் ஒன்றும் தெரியாது. பிரேக்கை மெல்ல விட்டு, ஆக்சிலரேட்டரைத் தொடாமல் ஊரவிட்டுப் பார்க்க வேண்டும். அரை மணி நேர நெரிசலுக்குப் பின், சூடேறிய நிலையில் மறுபடி ஒரு சரிவில். உதறல் இருந்தால் அங்கே தெரியும். மேனுவல் போல ஒரு பிளேட்டை மட்டும் மாற்றிவிட்டுப் போக முடியாது. கிளட்ச் முழுத் தொகுதியாகத்தான் வரும். இடைவெளியை அளந்து சரியான கனமுள்ள வளையம் போட வேண்டிய ரகங்களும் உண்டு. மாட்டிய பிறகு, புது கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கிறது என்பதை ஸ்கேனர் இணைத்துக் கணினிக்குப் பழக்க வேண்டும். அந்தக் கருவி இருக்கிறதா என்று ஒர்க்‌ஷாப்பில் முதலிலேயே கேட்டுவிடலாம்.