மெத்தடை ஃபங்ஷனாக்கும் மேக்ரோ

2007இல் ரிச் ஹிக்கி வெளியிட்ட க்ளோஜர், லிஸ்ப் குடும்பத்து மொழி. ஓடுவதோ பெரும்பாலும் ஜாவாவின் மெய்நிகர் இயந்திரத்தில். அதனால் ஜாவா நூலகங்கள் அத்தனையும் அதற்குக் கைகொடுக்கின்றன. கூடவே ஒரு சிக்கலும் வந்து சேர்கிறது.

ஃபங்ஷனல் மொழிகளில் ஃபங்ஷனும் எண்ணைப் போல ஒரு மதிப்புதான். அதை இன்னொரு ஃபங்ஷனிடம் கொடுக்கலாம். பட்டியலில் உள்ள ஒவ்வொன்றுக்கும் ஒரே வேலையைச் செய்து தரும் 'மேப்' இதை நம்பித்தான் இருக்கிறது. ஜாவாவின் மெத்தட் அப்படியல்ல, ஒரு பொருளைச் சார்ந்தே இயங்குவது. (.லெங்த் "அம்மா") என்று அழைத்தால் 5 என்று விடை வரும். நமக்கு மூன்றெழுத்துதான், ஜாவா புள்ளியையும் துணைக்காலையும் தனித்தனியே எண்ணுகிறது. ஆனால் வெறும் .லெங்த் என்பதை மேப்பிடம் நீட்டினால், அப்படியொரு பெயரே தெரியாது என்று கம்பைலர் கைவிரித்துவிடும்.

இதற்காகவே க்ளோஜரில் 'மெம்ஃபன்' என்றொரு மேக்ரோ உண்டு. (மெம்ஃபன் லெங்த்) என்று எழுதினால், நிரல் ஓடுவதற்கு முன்பே அது (ஃபன் [பொருள்] (.லெங்த் பொருள்)) என்று விரிந்துவிடும். இப்போது அது முறையான ஃபங்ஷன், மேப் ஏற்றுக்கொள்ளும். லிஸ்பில் நிரலே ஒரு பட்டியல் என்பதால் இது முடிகிறது. மேக்ரோ ஒரு பட்டியலை வாங்கி, வேறொரு பட்டியலாக மாற்றித் தருகிறது. 1963இல் டிமோத்தி ஹார்ட் லிஸ்புக்கு முன்மொழிந்த உத்தி இது. அறுபது ஆண்டுகள் கழித்தும் இதன் எளிமை வியக்க வைக்கிறது.

புதியவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. அழைக்க வேண்டிய மெத்தடின் பெயர் 'எது' என்ற மாறியில் இருக்கிறது. நிரல் ஓடும்போதுதான் அதன் மதிப்பு தெரியும் என்று வைத்துக்கொள்வோம். (மெம்ஃபன் எது) என்று எழுதினால், மேக்ரோ 'எது' என்ற பெயரிலேயே ஒரு மெத்தடைத் தேடும் ஃபங்ஷனைத்தான் உருவாக்கும். மேக்ரோவின் கைக்கு வருவது எழுதப்பட்ட சொல் மட்டுமே, அதன் மதிப்பு அல்ல. இப்படிப்பட்ட இடத்தில் ரிஃப்ளெக்‌ஷன்தான் வழி: ஓடும் நேரத்தில் பொருளின் கிளாஸைத் துருவி, பெயருக்குப் பொருந்தும் மெத்தடைக் கண்டுபிடித்து அழைப்பது. நேரடி அழைப்பைவிட இது மெதுவானது. மெம்ஃபனிலும் பொருளின் வகையைக் குறிப்பிடாவிட்டால் உள்ளே இதே தேடல்தான் நடக்கும். இதற்கான எச்சரிக்கையை இயக்கி வைத்தால் கம்பைலரே அந்த இடங்களைக் காட்டிக்கொடுக்கும். அதை எப்போதும் இயக்கி வைப்பது நல்லது.

2024இல் வந்த க்ளோஜர் 1.12இல் ஸ்ட்ரிங்/.லெங்த் என்று கிளாஸின் பெயரோடு எழுதி, மெத்தடை நேரே மேப்பிடம் கொடுத்துவிடலாம். வகையும் அதிலேயே தெரிந்துவிடுவதால், இந்த வேலைக்கு மெம்ஃபன் இனி தேவையில்லை.