ஆலோசகர் நாற்காலியில் நம் பிள்ளைகளும் அமர வேண்டும்

2023 ஆகஸ்ட் 9ஆம் தேதி இரவு. திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் பிளஸ் 2 படித்த தலித் மாணவர் ஒருவர், தன் வீட்டுக்குள் வைத்தே அரிவாளால் வெட்டப்பட்டார். தடுக்க ஓடிவந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. வெட்டியதாகக் கைதானவர்கள் அதே பள்ளியில் படித்த மாணவர்கள். அதற்கு முன்பு சில நாள்கள் அந்த மாணவர் பள்ளிக்கே போகவில்லை. பள்ளியிலிருந்து விசாரித்தபோதுதான், சக மாணவர்கள் தனக்குக் கொடுத்த தொல்லைகளைச் சொன்னார். அது புகாரான பிறகு வெட்டு விழுந்தது.

இந்த வரிசையை நாம் கவனிக்க வேண்டும். பிள்ளை வாய் திறந்து சொன்னான். சொன்ன பிறகு அவனுக்கு என்ன நேரும், அன்று மாலை அவன் வீட்டுக்கு யார் காவல் என்று யோசிக்கப் பயிற்சி பெற்ற ஆள் இருந்திருக்க வேண்டும். "பயப்படாமல் சொல்" என்று யாரும் சொல்லலாம். சொன்னவனைப் பாதுகாக்கத் திட்டமிடுவது தனித் தொழில். அதற்கென்று முதுநிலைப் படிப்பே இருக்கிறது.

உசிலம்பட்டி, செக்கானூரணி பக்கமிருந்து வரும் காலைப் பேருந்துகளில் நாகமலை புதுக்கோட்டை, பல்கலை நகர் நிறுத்தங்களில் இறங்கும் மாணவர்களில் பலர், வீட்டின் முதல் பட்டதாரிகள். பட்டம் முடித்து என்ன செய்வாய் என்று கேட்டால் டி.என்.பி.எஸ்.சி., பி.எட்., போலீஸ் தேர்வு என்பார்கள். பள்ளி ஆலோசகர், மனநல ஆலோசகர் என்று சொல்பவர் அரிது. அப்படி ஒரு வேலை இருப்பதே நம் ஊர்களுக்கு எட்டவில்லை.

வேலைக்கான கதவு திறக்கிறது

நாங்குநேரிச் சம்பவத்துக்குப் பின் தமிழக அரசு அமைத்த நீதிபதி கே.சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. பள்ளிகளில் சாதி மோதலைத் தடுக்க அது சொன்ன வழிகளில், பயிற்சி பெற்ற ஆலோசகர்களை நியமிப்பதும் ஒன்று. 2025 ஜூலை 25இல் உச்ச நீதிமன்றம், மாணவர் தற்கொலைகள் குறித்த சுக்தேவ் சாகா வழக்கில் நாடு முழுமைக்கும் வழிகாட்டுதல்களை வகுத்தது. 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனத்தில், குழந்தைகள், வளரிளம் பருவத்தினரின் மனநலத்தில் பயிற்சி பெற்ற ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவராவது இருக்க வேண்டும் என்கிறது அது. விளிம்புநிலை மாணவர்களிடம் பாகுபாடின்றி நடந்துகொள்ள ஆசிரியர்களுக்கும் ஊழியர்களுக்கும் பயிற்சி தர வேண்டும் என்றும் சொல்கிறது.

இது நடைமுறைக்கு வந்தால் ஆயிரக்கணக்கில் ஆள் தேவைப்படும். அந்த நாற்காலிகளில் யார் அமரப்போகிறார்கள் என்பதே நம் கேள்வி.

என்ன படிக்கலாம்?

இரண்டு பாதைகள் உண்டு. உளவியல் அல்லது ஆலோசனை உளவியலில் எம்.ஏ., எம்.எஸ்சி. ஒன்று. சமூகப் பணியில் எம்.எஸ்.டபிள்யூ. மற்றொன்று. இரண்டும் இரண்டு ஆண்டுப் படிப்பு. எம்.எஸ்.டபிள்யூ.வில் மருத்துவ, மனநலச் சமூகப் பணியைச் சிறப்புப் பிரிவாக எடுக்கலாம். வேறு பாடத்தில் பட்டம் பெற்றவர்களையும் பல கல்லூரிகள் சேர்த்துக்கொள்கின்றன. மருத்துவ உளவியலாளர் ஆக வேண்டுமென்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த படிப்பை முடித்து, அங்கே பதிவு செய்ய வேண்டும். 2021ஆம் ஆண்டின் துணைநிலை, சுகாதாரத் தொழில் வல்லுநர்களுக்கான தேசிய ஆணையச் சட்டமும் உளவியலாளர், ஆலோசகர், சமூகப் பணியாளர்களைத் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது.

மூன்று மாதத்தில் ஆலோசகர் ஆகலாம் என்று வரும் விளம்பரங்களை நம்பிப் பணத்தைக் கட்டிவிடக் கூடாது. சேரும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். படிப்புக்கு அங்கீகாரம் உண்டா? களப் பயிற்சி எத்தனை மணி நேரம்? அந்தப் பயிற்சியை மேற்பார்வையிடுபவர் யார்? அமெரிக்காவில் ஆலோசகர் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பு, 100 மணி நேர ஆரம்பப் பயிற்சிக்குப் பிறகு 600 மணி நேரக் களப் பயிற்சியும் வேண்டும் என்கிறது. மேற்பார்வையில் ஆளோடு ஆள் பேசித்தான் இந்தத் தொழில் கைவரும்.

பாடத்தில் சாதி வேண்டும்

அதே அமெரிக்க அமைப்பு சமூக, பண்பாட்டு வேறுபாடுகளைக் கட்டாயப் பாடமாக வைத்திருக்கிறது. இனவெறி தெரியாமல் அங்கே ஆலோசகர் ஆக முடியாது என்றால், சாதி தெரியாமல் இங்கே எப்படி ஆக முடியும்?

"நீ எந்தத் தெரு?" என்று உடன் படிப்பவன் கேட்டதிலிருந்து ஒரு மாணவி சாப்பாட்டு நேரத்தில் தனியாக உட்காருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். சாதியைப் படிக்காத ஆலோசகர், "இதையெல்லாம் கண்டுகொள்ளாதே, படிப்பில் கவனம் வை" என்பார். குறை அந்தப் பிள்ளையிடம் இருப்பதாக ஆகிவிடும். படித்தவர், அவள் சொல்வதை முழுதாகக் கேட்பார். வகுப்பறையில் நடப்பதை விசாரிப்பார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் எங்கே பொருந்தும், எந்த ரகசியத்தைக் காக்க வேண்டும், போக்சோ சட்டப்படி எதைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும் என்று அறிந்திருப்பார். 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டமும், சாதியின் பேரால் பாகுபாடு காட்டாமல் சிகிச்சை கிடைப்பது உரிமை என்கிறது.

ஆலோசகருக்குச் சாதி பார்வை எதற்கு, எல்லாப் பிள்ளையும் ஒன்றுதானே என்று சிலர் கேட்கலாம். எல்லாப் பிள்ளையும் ஒன்றென நடத்தவே அந்தப் பார்வை வேண்டும். தலித் பிள்ளைக்குத் தலித் ஆலோசகர்தான் என்றும் நாம் சொல்லவில்லை. அரிவாள் எடுக்கும் வரை போன மாணவனோடும் ஒருவர் முன்பே பேசியிருக்க வேண்டும். ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளும் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளும் இருக்கும் மதுரை மாவட்டத்தில், இரு தரப்புப் பிள்ளைகளிடமும் பேசத் தெரிந்தவர்களே தேவை. தன் மனதில் ஊறிய சாதியை அடையாளம் காண, படிக்கும்போதே அவர்களுக்குப் பயிற்சி தர வேண்டும்.

பணம் தடையாகக் கூடாது. குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால், பட்டியலின மாணவர்கள் முதுநிலைப் படிப்புக்கும் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை பெறலாம். ஆனால் களப் பயிற்சிக் காலத்தில் பேருந்துச் செலவும் சாப்பாட்டுச் செலவும் கையிலிருந்துதான் போகும். அந்த மாதங்களுக்கு அரசு ஊக்கத்தொகை தர வேண்டும். சாதியும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் பாடத்திட்டத்தில் இடம்பெற வேண்டும். ஆலோசகர் பணியிடங்கள் ஒப்பந்த வேலையாகக் கரையாமல், இட ஒதுக்கீட்டோடு நிரந்தரப் பணியிடங்களாக நிரப்பப்பட வேண்டும்.

ஆலோசகர் வரும் வரை பிள்ளைகள் காத்திருக்க வேண்டியதில்லை. மனம் தாங்காதபோது 14416 என்ற டெலி மானஸ் எண்ணையும், குழந்தைகளுக்கு ஆபத்து என்றால் 1098ஐயும் எந்நேரமும் அழைக்கலாம். இரண்டும் இலவசம். பள்ளிச் சுவரில் இந்த எண்கள் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பெற்றோர் பாருங்கள். வீட்டில் பட்டப்படிப்பை முடிக்கும் பிள்ளை இருந்தால், அடுத்துப் படிக்க இப்படியும் ஒரு படிப்பு இருக்கிறது என்று சொல்லுங்கள்.