ரிமோட்டை விற்றால் போதாது, பொருத்திக் கொடுக்க வேண்டும்

2022ஆம் ஆண்டின் நடுப்பகுதி. மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வயதான தாயொருவர் பதுளை நகரிலுள்ள எமது சிறிய மின்சாதனக் கடைக்கு வந்தார். வீட்டு டீவியின் ரிமோட் தண்ணீரில் விழுந்து பழுதாகிவிட்டதாம். மகன் கொழும்பில் வேலை செய்து தவணைக்கு எடுத்துக் கொடுத்த 32 அங்குல டீவி. டீவியில் இருப்பதோ ஒரேயொரு பொத்தான். அதை அமுக்கினால் டீவி எரியும், ஆனால் டிஷ் பெட்டி இணைத்திருக்கும் பக்கத்துக்கு மாற்ற முடியாது. நீலத் திரையை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

நான் 'யுனிவர்சல்' ரிமோட் ஒன்றை எடுத்து, பெட்டரி போட்டு, சிவப்பு வெளிச்சம் மின்னுவதைக் காட்டினேன். "எல்லா டீவிக்கும் வேலை செய்யும் அம்மா" என்றேன். 750 ரூபா வாங்கிக் கல்லாவில் போட்டேன். அத்துடன் அந்த வியாபாரம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் அவர் மீண்டும் வந்தார். "தம்பி, நீங்க சொன்ன மாதிரிதான் அமுக்குறோம். லைட்டு பத்துது, டீவி அசைய மாட்டேங்குது" என்றார். கோபம் இல்லை, குறையும் சொல்லவில்லை. நான் கடையிலிருந்த அதே கம்பனி டீவியில் குறியீட்டைத் தேடிப் பொருத்தி, வேலை செய்வதைக் கண்ணால் பார்க்க வைத்து அனுப்பினேன். பத்து நாட்களில் மூன்றாவது முறையும் வந்தார். வீட்டில் சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது. ஆனால் ஓர் இரவு மின்வெட்டின்போது பேரன் அந்தப் பெட்டரிகளைக் கழற்றிச் சிறிய டோர்ச்சுக்குப் போட்டிருக்கிறான். திருப்பிப் போட்டபோது ரிமோட் எல்லாவற்றையும் மறந்துவிட்டது.

அன்றுதான் நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அப்போது தோட்டத்து நாட்சம்பளம் 1,000 ரூபா. அது 2021இல்தான் அந்த அளவுக்கு உயர்ந்திருந்தது. அவர் மூன்று தடவை வந்ததில் மூன்று நாள் வேலை போனது. பஸ் கட்டணம் வேறு. எரிபொருள் தட்டுப்பாட்டால் பஸ்ஸே ஒழுங்காக ஓடாத காலம் அது. 750 ரூபாப் பொருளுக்காக அந்தத் தாய் மூவாயிரத்துக்கும் மேல் இழந்திருக்கிறார். அந்த இழப்பில் முக்கால் பங்கு என்னுடைய அறியாமையாலும் அவசரத்தாலும் வந்தது. இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அந்தக் கணக்குத்தான்.

ரிமோட் எப்படிப் பேசுகிறது?

1979இல் ஐ.ரி.என்., 1982இல் ரூபவாஹினி ஆகியன ஆரம்பமான காலத்தில் டீவி வைத்திருந்தவர்களில் பலர் எழுந்து சென்று பெட்டியின் பொத்தானைத் திருப்பியவர்கள்தான். ஆனால் ரிமோட் அதற்கும் பழையது. 1955இல் அமெரிக்காவின் செனித் கம்பனியில் யூஜின் பொலி என்பவர் ஒளிக்கற்றையால் டீவியை இயக்கும் கருவியைச் செய்தார். மறுவருடம் அதே கம்பனியில் ரொபர்ட் அட்லர், காதுக்குக் கேட்காத ஒலியால் இயங்கும் ரிமோட்டை உருவாக்கினார். 1980களில் அகச்சிவப்புக் கதிர் ரிமோட்டுகள் பரவின. 1985இல் பிலிப்ஸ் நிறுவனம் தனது மெக்னவொக்ஸ் பெயரில் பல சாதனங்களுக்கும் பொதுவான முதலாவது ரிமோட்டை வெளியிட்டது.

இன்று நாம் விற்கும் மலிவு ரிமோட்டும் அதே தத்துவம்தான். முனையிலுள்ள சிறு குமிழ் கண்ணுக்குத் தெரியாத கதிரை வினாடிக்கு ஏறக்குறைய 38,000 தடவை மின்னும் துடிப்புகளாக அனுப்புகிறது. அத்துடிப்புகளில் பொதுவாக இரண்டு செய்திகள் இருக்கும். ஒன்று விலாசம், மற்றது கட்டளை. தோட்டத்துக்கு வரும் கடிதத்தில் லயன் இலக்கம் பிழைத்தால் கடிதம் வேறு வீட்டுக்குப் போய்விடுவது போல, விலாசம் பிழைத்தால் 'சத்தத்தைக் கூட்டு' என்ற கட்டளையை டீவி கண்டுகொள்ளாது. யுனிவர்சல் ரிமோட்டுக்குள் நூற்றுக்கணக்கான விலாசங்கள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. எதை எடுக்க வேண்டுமென்று சொல்லிக் கொடுப்பதுதான் 'செட்' பண்ணுவது. வெளிச்சம் மின்னுவது பெட்டரி இருப்பதற்கு மட்டுமே அத்தாட்சி. அதைக் காட்டி நான் பொருளை விற்றது தவறு.

பொருத்தும் வழிகள்

முதலாவது, குறியீட்டு இலக்கம். ரிமோட்டுடன் வரும் தாளில் கம்பனிப் பெயருக்கு எதிரே மூன்று அல்லது நான்கு இலக்க எண்கள் இருக்கும். பெரும்பாலானவற்றில் டீவியை எரியவிட்டு, 'செட்' பொத்தானை வெளிச்சம் நிலையாக எரியும் வரை அமுக்கிப் பிடித்து, எண்ணை அடிக்க வேண்டும். ஒரே கம்பனிக்குப் பத்து, பதினைந்து எண்கள் இருப்பதுண்டு. முதல் எண்ணுக்கு டீவி அணைந்துவிட்டால் வேலை முடிந்ததென்று எண்ணிவிடக் கூடாது. சத்தம், சனல், 'மெனு', 'சோர்ஸ்' ஆகிய நான்கையும் அமுக்கிப் பாருங்கள். சத்தம் வேலை செய்து 'சோர்ஸ்' வேலை செய்யாவிட்டால் அடுத்த எண்ணுக்குப் போக வேண்டும்.

இரண்டாவது, தானாகத் தேடுதல். ரிமோட்டை டீவிக்கு நேராகப் பிடித்துக்கொண்டு தேடலைத் தொடங்கினால் அது ஒவ்வொரு விலாசமாக அனுப்பிக்கொண்டே போகும். டீவி அணையும் கணத்தில் நிறுத்த வேண்டும். இதற்குச் சில நிமிடங்கள் பொறுமை தேவை. இங்கே பொருத்தி விற்கப்படும் பல டீவிகளின் பெயர் எந்தத் தாளிலும் இருக்காது. வெளியே ஒரு பெயர், உள்ளே சீனத் தயாரிப்புப் பலகை. அவற்றுக்கு இதுவே நல்ல வழி.

மூன்றாவது, கற்றுக்கொள்ளும் ரிமோட். பழைய ரிமோட்டில் உயிர் இருந்தால் இரண்டையும் ஓரிரு அங்குல இடைவெளியில் முகத்துக்கு முகம் வைத்து, பழையதில் ஒரு பொத்தானை அமுக்கினால் புதியது அதைப் பதிந்துகொள்ளும். டிஷ் பெட்டிக்கு ஒன்று, டீவிக்கு ஒன்று என்று இரண்டு ரிமோட் வைத்துத் தடுமாறும் வயதானவர்களுக்கு இது பேருதவி. டிஷ் ரிமோட்டின் சனல் பொத்தான்களையும் டீவி ரிமோட்டின் சத்தம், 'சோர்ஸ்' பொத்தான்களையும் ஒன்றிலேயே பதிந்து கொடுக்கலாம்.

நான்காவது வழிக்குச் சிலவேளை செலவே இல்லை. டிஷ் பெட்டி எச்.டி.எம்.ஐ. வயரால் இணைக்கப்பட்டிருந்து, இரு சாதனங்களுக்கும் அந்த வசதி இருந்தால், டீவியின் ரிமோட்டாலேயே பெட்டியையும் இயக்க முடியும். டீவியின் 'செட்டிங்ஸ்' பகுதியில் இது பெரும்பாலும் சீ.ஈ.சீ. என்றிருக்கும். சம்சுங் இதை எனிநெட் பிளஸ் என்றும், எல்.ஜி. சிம்ப்லிங்க் என்றும், சொனி பிராவியா சிங்க் என்றும் அழைக்கின்றன. பெயர் தெரியாததால் வாங்கியவர் பாவிப்பதில்லை, விற்றவர் சொல்லிக் கொடுப்பதுமில்லை.

விற்காமல் அனுப்ப வேண்டிய சந்தர்ப்பங்கள்

ரிமோட் கேட்டு வருபவர் எல்லோருக்கும் ரிமோட் தேவைப்படுவதில்லை. பழையதை வாங்கி, புதிய பெட்டரி போட்டு, அதன் முனையைக் கையடக்கத் தொலைபேசியின் கமராவுக்கு நேரே பிடித்து ஒரு பொத்தானை அமுக்கிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத கதிர் திரையில் ஊதா அல்லது வெண்ணிறப் புள்ளியாக மின்னும். சில தொலைபேசிகளின் பின்கமரா அதைத் தடுத்துவிடும், அப்போது முன்கமராவில் பாருங்கள். புள்ளி நன்றாக மின்னினால் கோளாறு டீவியின் பக்கம் இருக்கக்கூடும். அவருக்குப் புது ரிமோட் விற்பது நியாயமல்ல.

மின்னாவிட்டாலும் அவசரப்பட வேண்டாம். மலைநாட்டு ஈரப்பதத்தில் மலிவு பெட்டரிகள் கசிந்து உள்ளேயிருக்கும் சுருள்கம்பியில் பச்சையும் வெள்ளையுமாகப் படிவது வழமை. அதைச் சுரண்டித் துடைத்தால் பல ரிமோட்டுகள் உயிர் பெறும். சில பொத்தான்கள் மட்டும் இறுகியிருந்தால், பலகையையும் இறப்பர் விரிப்பையும் ஸ்பிரிட் தோய்த்த பஞ்சால் துடைத்து நன்கு காயவிட்டுப் பார்க்கலாம். இதற்குச் சிறு கூலி வாங்குங்கள், தவறில்லை.

இன்னொரு வகை புதிது. இன்றைய ஸ்மார்ட் டீவிகள் பலவற்றின் குரல் ரிமோட்டுகளும், அமேசன் பயர் டீவி ஸ்டிக் போன்றவற்றின் ரிமோட்டுகளும் புளூடூத்தில் இயங்குபவை. அகச்சிவப்புக் கதிர் மட்டும் அனுப்பும் ரிமோட்டால் பயர் ஸ்டிக்கை நேரடியாக இயக்க முடியாது. ஸ்மார்ட் டீவிகள் பல சாதாரண ரிமோட்டுக்கும் இணங்கும், ஆனால் குரல் தேடல் கிடைக்காது. இதை விற்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். அதேபோல் ஷாவோமி, ரெட்மி தொலைபேசிகள் பலவற்றில் கதிர் அனுப்பும் குமிழ் இருக்கிறது. வீட்டில் அப்படியொரு தொலைபேசி இருந்தால், சம்பளம் வரும் வரை அதையே ரிமோட்டாகப் பாவிக்கச் சொல்லிக் கொடுக்கலாம்.

எமது கடையில் இப்போதைய ஒழுங்கு

2022 மார்ச்சுக்கு முன் 200 ரூபா அளவில் இருந்த டொலர், மே மாதமளவில் 360 ரூபாவைத் தொட்டது. இறக்குமதிப் பொருட்களின் விலை எங்கேயோ போய்விட்டது. அன்று முதல் மக்கள் பழைய டீவியைக் கைவிடாமல் திருத்தியே பாவிக்கிறார்கள். ஆகவே ரிமோட் ஒரு சில்லறைப் பொருளாக இருந்தாலும், ஒரு குடும்பம் தவணை கட்டி வாங்கிய பெறுமதியான சாதனம் பாவனையில் இருக்குமா, மூலையில் கிடக்குமா என்பதை அதுவே தீர்மானிக்கிறது.

அந்தத் தாய் மூன்றாவது முறை வந்தபோது குறியீட்டை மீண்டும் பதிந்து, அந்த எண்ணைச் சிறு காகிதத்தில் எழுதி பெட்டரி மூடியின் உட்புறம் ஒட்டிக் கொடுத்தேன். மலிவு ரிமோட்டுகள் பல, பெட்டரி கழன்றால் எண்ணை மறந்துவிடும். காகிதம் மறக்காது. பேரனின் தொலைபேசி இலக்கத்தையும் வாங்கிக்கொண்டேன். மாலை கொழுந்து நிறுத்து முடிந்து எல்லோரும் லயனுக்குத் திரும்பிய பிறகு அழைத்து, 'சோர்ஸ்' பொத்தான் வரை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்க்கச் சொன்னேன். எல்லாம் சரியாக இருந்தது. 750 ரூபாவைத் திருப்பிக் கொடுக்க முன்வந்தபோது அவர் வாங்க மறுத்துவிட்டார். இழந்த மூன்று நாள் கூலியை நான் கொடுக்கவுமில்லை, அவர் கேட்கவுமில்லை. அது இன்னும் என் கணக்கில் கடனாகவே நிற்கிறது.

அதன் பின்னர் தூரத்திலிருந்து வருபவர்களிடம் மூன்று விடயங்களைக் கேட்காமல் ரிமோட் விற்பதில்லை. உடைந்திருந்தாலும் பழைய ரிமோட் கையில் இருக்கிறதா? டீவியின் பின்புறம் ஒட்டியிருக்கும் மாதிரி இலக்கத்தைப் படம் எடுத்து வந்தீர்களா? அந்திக்கு வீட்டில் தொலைபேசியுடன் யார் இருப்பார்கள்? படம் கொண்டு வராதவருக்கு, வீட்டிலிருப்பவரை அழைத்து அனுப்பச் சொல்கிறோம். பொருத்திய எண் மூடிக்குள் ஒன்று, எமது கொப்பியில் ஒன்று என இரண்டு இடங்களில் எழுதப்படுகிறது. இதனால் மீண்டும் அழைப்பவருக்குத் தொலைபேசியிலேயே பதில் சொல்ல முடிகிறது, பஸ் ஏற வேண்டியதில்லை.

ஒரு ரிமோட்டுக்குப் பதினைந்து நிமிடம் செலவழித்தால் என்ன இலாபம் என்று சில வியாபார நண்பர்கள் கேட்கிறார்கள். அந்த ரிமோட்டில் பெரிதாக ஒன்றுமில்லைதான். ஆனால் லயன்களில் ஒரு வீட்டுச் செய்தி மறுநாளே இருபது வீட்டுக்குத் தெரியும். ஏமாந்த செய்தியும் அதே வேகத்தில்தான் போகும். சில மாதங்களுக்குப் பின் அதே தோட்டத்திலிருந்து ஒரு வாலிபர் வந்தார். கையிலிருந்த துண்டுக் காகிதத்தில் டீவியின் பெயரும் மாதிரி இலக்கமும் தெளிவாக எழுதப்பட்டிருந்தன. "ஆச்சிதான் நானா எழுதிட்டுப் போகச் சொன்னாங்க. இல்லாட்டி நீங்க விக்க மாட்டீங்கன்னு சொன்னாங்க" என்றார்.

ஒரே பயணத்தில் அவர் வேலை முடிந்து, அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிப் போனார்.